கப்பல் வரும்வரை குழந்தையை யார் பார்ப்பது?

லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே பழங்குடியினர் வாழும் குடியிருப்பு டுகாங் கிரீக். 1901 கணக்கெடுப்பில் 672 பேராக இருந்த ஓங்கேக்கள், நூறு வருடம் கழித்து 2001-இல் வெறும் 96 பேர். அப்படிச் சுருங்கிப்போன ஓர் இனத்தில் ஒரு பிள்ளை பிறப்பதும் பிழைப்பதும் ஊருக்கே பெரிய விஷயம்.

அங்கே ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. எடை சுமார் 900 கிராம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தாலே தனிக் கவனம் வேண்டும் என்பார்கள். அரசுச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா, பெற்றவர்களிடமும் உறவினர்களிடமும் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கி, குழந்தையைப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார். குழந்தை பிழைத்தது.

அந்தச் சம்மதம் அன்றைக்கு ஒருநாள் பேச்சில் கிடைத்ததல்ல. லக்ரா அந்த மக்களோடு மக்களாக இருந்து, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஓங்கேக்கள் மேட்டுக் காட்டுக்குள் போய்த் தப்பினார்கள். லக்ராவும் காட்டிலேயே குடிசையில் தங்கி வைத்தியம் பார்த்தார். ஓடிப்போகாத நர்ஸம்மா சொன்னால் கேட்கலாம் என்ற நம்பிக்கை அப்படித்தான் வந்தது. 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, முழுக்கத் தகும்.

போர்ட் பிளேருக்கும் லிட்டில் அந்தமானின் ஹட் பேவுக்கும் இடையே சுமார் 120 கிலோமீட்டர் கடல். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே இன்னும் பல மடங்கு தூரம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை, மேகம் கவிந்தால் ஹெலிகாப்டர் இல்லை. அந்த இடைவெளியில் பச்சிளம் குழந்தையை முதலில் தாக்குவது குளிர். வெயில் கொளுத்தும் தீவிலும் ஒரு கிலோ குழந்தைக்கு உடல் சூடு நிற்காது. வயிற்றைத் தொட்டால் வெதுவெதுப்பு, பாதத்தைத் தொட்டால் சில்லிப்பு என்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது என்று பொருள். உடனே துணியை விலக்கி, தாயின் வெறும் மார்பில் குப்புறச் சாய்த்து, தலைக்குக் குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். உறிஞ்சத் தெம்பில்லை என்றால் தாய்ப்பாலைப் பிழிந்து பாலாடையில் துளித்துளியாகப் புகட்ட வேண்டும். கங்காரு பராமரிப்பு என்று இதற்குப் பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. மின்சாரம் வேண்டாம், கப்பலில் வரவேண்டிய உபகரணமும் வேண்டாம். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்து ஹெபடைடிஸ் பி. இந்தத் தீவுகளின் பழங்குடியினரிடையே அது மிக அதிகம் என்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கி, பின்னாளில் ஈரலைத் தின்னக்கூடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி விழ வேண்டும். மருந்தோ 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தாக வேண்டியது. கப்பலுக்குக் காத்திருக்க முடியாத ஊசி இது. குழந்தை பிறக்கும் தீவிலேயே மருந்தும், போடுகிற கையும் இருக்க வேண்டும்.

தீவுகளில் கணிசமாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதையும், முதல் நாளே குளிப்பாட்டுவதையும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதையும் விட்டுவிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினாலோ, மார்பு உள்வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் கூட்டுவது நல்லதுதான். ஆனால், தூரத் தீவுக்குப் போகும் செவிலியருக்கு ஒழுகாத குடியிருப்பு, அவர் பிள்ளைகளின் படிப்புக்கு வழி, ஓங்கே, நிக்கோபாரி மொழிகளில் பயிற்சி, சில ஆண்டுகளாவது ஒரே இடத்தில் நிலைக்கும் பணி ஆகியவை அதற்கு முன்பே வேண்டும்.