நாவில் உருகினால் நல்ல சாக்லேட்!

புது தில்லி: தீபாவளி வந்தால் தலைநகரின் கடைவீதிகளில் லட்டு, பர்பி பெட்டிகளுக்கு இணையாக சாக்லேட் பெட்டிகளும் அடுக்கி வைக்கப்படுகின்றன. ஒரே எடையுள்ள இரு கட்டிகளில் ஒன்றின் விலை மற்றொன்றைவிடப் பல மடங்கு அதிகம். அந்த விலைக்குத் தகுதி உண்டா என்பதை உறையின் பளபளப்பு சொல்லாது, ஐம்புலன்கள் சொல்லும்.

கண்ணும் காதும்: பதமாகச் சூடாக்கி ஆற்றிய சாக்லேட்டின் மேற்பரப்பு சீராக மின்னும். உடைத்தால் "டக்' என்ற தெளிவான ஓசை எழும். மேலே வெண்படலம் தெரிந்தால் அது பூஞ்சை என அஞ்சத் தேவையில்லை. பெரும்பாலும் வெப்ப மாற்றத்தால் கொழுப்பு வெளியே வந்து படிந்ததே அது. உண்பதால் தீங்கில்லை, ஆனால் மென்மை குறைந்திருக்கும்.

விரலும் நாவும்: சாக்லேட்டின் உயிர், கோகோ வெண்ணெய். சுமார் 34 டிகிரி செல்சியஸில் அது உருகும். மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. எனவே விரலில் சில நொடிகளிலேயே இளகும். மெல்லாமல் நாவில் வைத்தாலே கரையும். விலை குறைந்த தாவரக் கொழுப்பில் செய்யப்படும் "காம்பவுண்ட்' வகைகள் பல, மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும். உறையின் பின்புறமுள்ள மூலப்பொருள் பட்டியலைப் பார்த்தும் இதை உறுதி செய்து கொள்ளலாம்.

மூக்கு: மூக்கைப் பிடித்துக் கொண்டு ஒரு துண்டை வாயிலிட்டால் இனிப்பும் கசப்பும் மட்டுமே தெரியும். விரலை எடுத்ததும் பழம், கொட்டைப் பருப்பு, மலர் என மணங்கள் விரியும். குளிர்பதனப் பெட்டியில் வைத்ததை, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே சுவைக்க வேண்டும்.

தோட்டத்தில் தொடங்கும் சுவை: இந்த மணத்துக்கு வித்திடுபவர் விவசாயி. ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்கள், கேரளத்தின் இடுக்கி, தமிழகத்தின் பொள்ளாச்சி ஆகிய பகுதிகளில் கோகோ பயிராகிறது; தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராகவும் வளர்கிறது. பழத்தை உடைத்து, சதை ஒட்டிய விதைகளைப் பல நாள்கள் நொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். நொதித்தல் குறைந்தால் துவர்ப்பு மிஞ்சும். பின்னர் எவ்வளவு வறுத்தாலும் அந்த மணம் வராது.

மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்ததால், 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 12 ஆயிரம் டாலரைத் தாண்டியது. பின்னர் பெருமளவு இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம் விவசாயியின் கையில் இல்லை. விதையின் தரம் அவர் கையில் உள்ளது. மைசூர், கொச்சி, ஹைதராபாத் போன்ற நகரங்களில் விதை முதல் கட்டி வரை தாமே தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் தோன்றியுள்ளன. நன்கு நொதித்த விதைக்குக் கூடுதல் விலை தருவது இத்தகைய தயாரிப்பாளர்களின் வழக்கம்.

சுவை வேறுபாட்டை உணர்ந்து வாங்குவோர் பெருகினால்தான் அந்தக் கூடுதல் விலை நிலைக்கும். அவசரமாக மென்று விழுங்குபவருக்கு இரண்டும் ஒன்றே. அரை நிமிடம் பொறுத்து நாவில் கரைய விடுபவரே விவசாயியின் உழைப்பை அறிகிறார்.