சொந்தக் கையால் ஒரு மர வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. என் தாத்தா கல்யாணத்தை ஒரு முறைதான் பண்ணினார். வீட்டை இரண்டு முறை கட்டினார். இரண்டு முறையும் அதே வீடு, அதே மரம்!

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். லயத்து வீடு வேலை இருக்கும் வரைதான். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த தாத்தா, இடிக்கப்பட்ட பழைய லயம் ஒன்றின் மரங்களை மலிவாக வாங்கி, தோட்டத்தை ஒட்டி, தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் 1979-இல் வீடு கட்டினார். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். 1984-இல் அந்த நிலம் கைமாறியது. ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள்.

தாத்தா வீட்டைக் கழற்றினார். மொத்தம் பன்னிரண்டு தூண்கள். எந்தத் தூண் எந்த இடத்துக்கு உரியது என்பது மறந்துவிடக் கூடாதல்லவா? அப்போது படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த என் அப்பா, தார் தொட்டு ஒவ்வொரு தூணிலும் ஓர் எழுத்து எழுதினார். 'அ' முதல் 'ஔ' வரை உயிரெழுத்துப் பன்னிரண்டும் சரியாகப் போதுமானதாக இருந்தன. லாரியில் ஏறிய அந்த வீடு ஏழு மைல் தள்ளி மீண்டும் எழுந்தது. நான் பிறந்து வளர்ந்ததும் அந்த வீட்டில்தான்.

நான் கட்டடக்கலை மாணவன் அல்லன்; கணக்கியல் படிக்கிறேன். ஆயினும் சென்ற ஆண்டு விடுமுறையில் அந்த வீட்டின் இரண்டு தூண்களைப் பழுதுபார்த்தபோது நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த மரம்?

நம் நாட்டில் வீட்டுக்குரிய மரங்களைக் கனவன்மரம், நடுத்தர வன்மரம், இலேசு வன்மரம் எனப் பிரிப்பர். செங்கால், பாலாவ், மெர்பாவ் ஆகியவை முதல் வகை. கெம்பாஸ், கெருயிங் இரண்டாம் வகை. மெராந்தியில் பெரும்பாலானவை மூன்றாம் வகை. (செங்கால் என்பது மலாய்ப் பெயர், நம் செங்கல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மண்ணுக்கு அருகில் நிற்கும் தூணுக்குச் செங்கால் போன்ற கனவன்மரமே ஏற்றது, கரையான் அதை எளிதில் தொடாது. மழை படாத உட்சுவருக்கு மெராந்திப் பலகை போதும். எல்லாவற்றுக்கும் செங்கால் வாங்கினால் பணம் போதாது; எல்லாவற்றுக்கும் மெராந்தி வாங்கினால் வீடு நிலைக்காது.

மரக்கடைக்குப் போகிறவர்கள் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. சட்டத்தை அங்கே 'பெரோத்தி' என்பார்கள். அறுத்த மரத்துக்கு 'டன்' என்றால் அது எடையன்று, 50 கன அடி அளவு. புதிதாக அறுத்த மரம் காயும்போது சுருங்கும், முறுக்கும். ஆகவே இடையிடையே கட்டை கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கி, நிழலில் காயவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். தாத்தா வாங்கிய பழைய லயத்து மரம் முன்பே காய்ந்து அடங்கிய மரம். அது ஏழையின் தேர்வு மட்டுமன்று, நல்ல தச்சரின் தேர்வும்கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் முன்னோர் வாழ்நாளெல்லாம் வெட்டிய ரப்பர் மரம் வீட்டுத் தூணுக்கு ஆகாது. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். அதனால் நெடுங்காலம் அது விறகாகவே எரிந்தது. போரான் உப்பில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980-களிலிருந்துதான் அது நாற்காலியாகவும் மேசையாகவும் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறியது.

தூண் முதல் கூரை வரை

மரச்சட்டக வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவரன்று, எலும்புக்கூடு. தூண், அடிச்சட்டம், மேல்சட்டம், கைமரம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த எலும்புக்கூடு. பலகைச் சுவர் அதற்குத் தோல் மட்டுமே.

முதலில் மூலைமட்டம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பள்ளியில் படித்த பைதகோரஸ் தேற்றம் இங்கே கயிற்றில் வேலை செய்கிறது. தூண்களின் உயரத்தைச் சமப்படுத்தத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் ஒன்றே போதும். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

தூணை மண்ணில் புதைக்கக் கூடாது. மண்ணுக்கு மேலே உயர்ந்த சிமெண்டுக் கட்டையின் மேல் நிறுத்த வேண்டும். கட்டைக்கும் தூணுக்கும் நடுவே, விளிம்பு வெளியே நீண்டு மடிந்த தகரம் ஒன்றை வைப்பார்கள். அது கரையானைக் கொல்லாது. ஆனால் அது ஒளிந்து ஏற முடியாமல் வெளியே வந்து மண்பாதை கட்டும். நம் கண்ணில் பட்டுவிடும்.

தூண்கள் நின்றதும் சாய்வுச் சட்டங்களைக் குறுக்கே அடிக்க வேண்டும். நான்கு பக்கச் சட்டம் காற்றடித்தால் சாயும், முக்கோணம் சாயாது. அடுத்து, சுவருக்கு முன் கூரை. கூரை போட்டுவிட்டால் மழைக்காலத்திலும் வேலை நடக்கும், மரமும் நனையாது. தகரக் கூரையின் வெப்பம் வெளியேறச் சுவரின் மேல்பகுதியில் காற்றுவழி விட வேண்டும்.

எங்கள் வீட்டில் 'ஓ', 'ஔ' என்ற இரண்டு தூண்கள் ஏன் உளுத்தன தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் முற்றத்துக்குச் சிமெண்டு போட்டபோது, அழகுக்காகத் தூணின் அடியைச் சுற்றியும் பூசிவிட்டோம். அந்தப் பூச்சுக்குள் தண்ணீர் தங்கிவிட்டது. பழுதுபார்க்க வந்த தச்சர் மாமா என்னிடம் சொன்னார்: "தம்பி, மரம் நனைஞ்சா கெடாது. நனைஞ்சது காயாம இருந்தாத்தான் கெடும்." லாரி ஜேக் வைத்து மேல்சட்டத்தை மெல்லத் தூக்கி, உளுத்த அடியை அறுத்தெடுத்து, உயரமான சிமெண்டுக் கட்டை வார்த்தோம். கல் வீட்டில் ஒரு தூணை மட்டும் இவ்வளவு எளிதாக மாற்ற முடியுமா?

தூணுக்குக் கீழே

இவ்வளவும் தெரிந்திருந்த தாத்தா எங்கே தவறினார்? நிலத்தில். மரம் கழன்று வரும், நிலம் வராது. கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்பது மரவீட்டின் சிறப்பு என்று நான் பெருமைப்பட்டதுண்டு. நிலமற்றவர்களுக்கு அது சிறப்பன்று, தேவை என்பது பிறகுதான் புரிந்தது.

இன்றும் பேராக்கில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை, அதாவது 'டி.ஓ.எல்.' தாளை, பட்டா என்று நம்பி வாழும் நம்மவர்கள் உண்டு. தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் வழக்கமாக அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிகிறது. மீண்டும் புதுப்பிக்க வேண்டும். அதை விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும்; பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. பட்டா இருந்தாலும் நிலம் விவசாயத்துக்கா, கட்டடத்துக்கா, தொழிலுக்கா என்ற வகையைப் பார்க்க வேண்டும். ஊராட்சி மன்ற எல்லைக்குள் எந்த வீடானாலும், மரமோ கல்லோ, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி முன்அனுமதி தேவை. குறைந்த வருமானத்தினருக்கு வீடு கட்டித்தரும் அரசின் 'ருமா மெஸ்ரா ரக்யாட்' திட்டத்துக்கு மனுச் செய்யவும் முதலில் நிலம் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை தாத்தா அவசரப்படவில்லை. பாட்டியின் நகையை விற்று, பட்டாவுள்ள சிறு மனையை வாங்கி, பெயர் மாற்றம் முடிந்த பிறகே 'அ' தூணை நிறுத்தினார். அதுவரை ஐந்து மாதங்கள் மரங்கள் உறவினர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்தன; குடும்பம் அந்த வீட்டு அஞ்சடியில் படுத்தது.

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் நண்பர்கள் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று, 1926-இல் கட்டப்பட்ட இஸ்தானா கெனாங்கான். மரத்தில் துளையும் கழுந்தும் ஆப்புமாக, ஆணியே இல்லாமல் கட்டப்பட்டது என்பது அதன் புகழ். மற்றொன்று, 1877-இல் அங்கு நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சி நிற்கும் பழைய ரப்பர் மரம். அது நிற்பது மாவட்ட நில அலுவலகத்துக்கு அருகில். மரத்தைப் பார்த்து முடித்ததும் அப்படியே அந்த அலுவலகத்துக்குள் நுழைந்து, உங்கள் வீடு நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கேட்டறிய எப்படி மனுச் செய்வதென்று விசாரித்து வாருங்கள். படித்த பிள்ளைகள் நாம் செய்ய வேண்டிய முதல் வீட்டு வேலை அதுதான்.