ஒரே மைதானம், பல திறமைகள்: கோல்ஃப் திடலை எப்படி வடிவமைக்கிறார்கள்?

கோல்ஃபில் ஒருவர் பந்தை இன்னொருவர் தடுப்பதில்லை. அவரவர் பந்தை அவரவர் அடித்து, 18 குழிகளையும் முடிக்க எத்தனை முறை அடித்தோம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆக, உண்மையான எதிராளி மைதானம்தான். ஒரே மைதானத்தில் இன்று ஒரு சாம்பியன் ஆடுவார். நாளை, போன மாதம்தான் மட்டையைத் தொட்ட ஒருவர் ஆடுவார். இருவருக்கும் ஆட்டம் ருசிக்க வேண்டும். இதை எப்படிச் சாதிக்கிறார்கள்?

தொடங்கும் இடம்

முதல் வழி எளியது. பந்தை முதலில் அடிக்கும் இடத்துக்கு ‘டீ’ என்று பெயர். ஒரே குழிக்கு மூன்று, நான்கு டீக்கள் முன்னும் பின்னுமாக இருக்கும். எதில் நின்று தொடங்குவது என்பது ஆடுபவரின் விருப்பம்.

‘பார் 4’ குழி என்றால் இரண்டு அடியில் பந்து ‘கிரீன்’ எனப்படும், குழியைச் சூழ்ந்த புல்தரையை எட்ட வேண்டும். அடுத்த இரண்டில் குழிக்குள் விழ வேண்டும் என்பது கணக்கு. ஆகப் பின்னால் உள்ள டீயிலிருந்து குழிவரை 430 கெஜம் என்று வையுங்கள். முதல் அடியில் 200 கெஜம் மட்டுமே அடிக்கக்கூடியவர் அங்கிருந்து தொடங்கினால், என்னதான் நன்றாக அடித்தாலும் இரண்டாவது அடியில் கிரீனை எட்ட முடியாது. அவரைத் தோற்கடிப்பது தூரம் மட்டுமே. அதனால்தான் 2011-இல் அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் ‘முன்னால் வந்து தொடங்குங்கள்’ என்ற இயக்கத்தை நடத்தின. முதல் அடியில் 200 கெஜம் அடிப்பவருக்கு மொத்தம் 5,200 முதல் 5,400 கெஜம் நீளமுள்ள ஆட்டமும், 250 கெஜம் அடிப்பவருக்கு 6,200 முதல் 6,400 கெஜமும் பொருந்தும் என்பது அவர்கள் தந்த அளவு.

போகும் வழி

டீயை மாற்றினால் மட்டும் போதாது. டீக்கு எதிரே குறுக்காக ஒரு குளத்தை வெட்டிவிட்டால், தாண்ட முடியாதவர் பந்தைத் தண்ணீரில் தொலைத்துக்கொண்டே இருப்பார். தாண்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியே கிடையாது. நல்ல வடிவமைப்பாளர் தடையை நேர்க்குறுக்கே வைக்காமல் பக்கவாட்டிலோ சாய்வாகவோ வைப்பார்.

இதற்குச் சிறந்த சான்று, அலிஸ்டர் மெக்கென்ஸியும் பாபி ஜோன்ஸும் வடிவமைத்த அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 13-ஆவது குழி. இது பார் 5. இடப்பக்கம் வளைந்து செல்கிறது. இடது ஓரமாக ஓடிவரும் ஓடை, கடைசியில் கிரீனுக்கு முன்னால் குறுக்கிடுகிறது. துணிந்தவர் முதல் பந்தை ஓடைக்கு நெருக்கமாக அடிப்பார். பந்து தண்ணீரில் விழாமல் தப்பினால் மீதித் தூரம் குறையும். இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டலாம். தவறினால் பந்து தண்ணீரில். நிதானக்காரர் அகன்ற வலப்பக்கம் அடித்து, இரண்டாவது பந்தை ஓடைக்கு இப்பால் நிறுத்தி, மூன்றாவதில் குறுகிய தூரத்திலிருந்து கிரீனுக்குத் தூக்கிப் போடுவார். ஆபத்தும் பலனும் ஒரே பக்கத்தில் இருப்பதால், யாருக்கு எவ்வளவு துணிச்சலோ அவ்வளவுக்கு ஆடலாம்.

கிரீனைச் சுற்றி

கிரீனுக்கு அருகிலும் இப்படி இரு வழிகள் தரலாம். வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்தை டொனால்ட் ராஸ் 1907-இல் அமைத்தார். 1948-இல் இறக்கும்வரை செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். அதன் கிரீன்கள் நடுவில் உயர்ந்து விளிம்பில் சரிபவை. சற்றே பிசகினாலும் பந்து உருண்டு வெளியேறிவிடும். ஆனால் வெளியே அது நிற்பது பெரும்பாலும் ஒட்ட வெட்டிய புல்லில்.

அங்கிருந்து பந்தை உயரத் தூக்கி மெல்ல இறக்கலாம். அது தேர்ந்த கைகளுக்குரிய வேலை. அல்லது, கிரீனில் பந்தை உருட்டப் பயன்படும் ‘பட்டர்’ மட்டையாலேயே மேட்டில் உருட்டி ஏற்றலாம். புதியவருக்கும் இது கைவரும். 2014-இல் இங்கே யூ.எஸ். ஓப்பனை வென்ற மார்ட்டின் கைமர் பலமுறை இப்படித்தான் உருட்டினார். மொத்தப் பாரைவிட ஒன்பது அடி குறைவாக முடித்தார். அடுத்த வாரமே அதே மைதானத்தில் பெண்களுக்கான யூ.எஸ். ஓப்பன் நடந்தது. ஆண்களுக்கு ஏறத்தாழ 7,500 கெஜமாக இருந்த நீளத்தைப் பெண்களுக்கு 6,600 அளவுக்குக் குறைத்தார்கள். மிஷெல் வீ பாரைவிட இரண்டு அடி குறைவாக முடித்து வென்றார்.

கடினத்துக்கு ஓர் எண்

ஒவ்வொரு டீக்கும் ‘ஸ்லோப்’ என்ற எண் தரப்படுகிறது. 55-இலிருந்து 155 வரை போகும், நிலையான கடினத்துக்கு 113. தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அதிகம் திணறுவார் என்பதை அது காட்டும். ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) 20 உள்ளவருக்கு, ஸ்லோப் 113 என்றால் 20 அடிகள் சலுகை. 135 என்றால் சுமார் 24. மைதான மதிப்பீட்டுக்கும் (தேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகளின் எண்ணிக்கை) பாருக்கும் உள்ள வேறுபாட்டை ஒட்டிய திருத்தம் தனி.

கடினமான மைதானத்தைக் கட்டுவது பெரிய வித்தையல்ல. நான்கு குளம் வெட்டினால் போதும். புதியவருக்கு ஒரு பாதையும் வல்லவருக்கு ஒரு சோதனையும் ஒரே புல்வெளியில் வைப்பதுதான் வித்தை. நீங்கள் ஆடப் போனால், உங்கள் முதல் அடி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து, அதற்கேற்ற டீயில் நில்லுங்கள். முன் டீயில் நிற்பதில் எந்தக் குறைவும் இல்லை. அது உங்களுக்காகவே அமைத்த இடம்.