ஃபார்மட் செய்வதற்கு முன்: ஆண்டிவைரஸ் நீக்கத்தால் முடங்கிய கணினியும் உரிமையாளரின் உரிமையும்

ஆண்டிவைரஸை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்த கணினி விண்டோஸுக்குள் நுழையாமல் நின்றுவிடுவது, பெரும்பாலான நேரங்களில், எஞ்சிவிட்ட ஓரிரு சிறு கோப்புகளால் விளையும் கோளாறே அன்றி, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் அழிவு அன்று. ஆயினும் அத்தகைய கணினி பழுதுபார்க்கும் கடையின் மேசைக்கு வந்ததும், திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொல்லப்படும் முதல் வாக்கியம் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்பதாகவே இருக்கிறது; உரிமையாளரும் அச்சொல்லின் பொருளைக் கேட்காமல் தலையசைத்துவிடுகிறார். மாலைக்குள் கணினி எழுந்துவிடுகிறது. கடையின் ஆறாண்டுக் கணக்கும், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகலும், இனி எடுக்கவே முடியாத புகைப்படங்களும் எழுவதில்லை.

இக்கோளாறின் காரணம் எளிது. ஆண்டிவைரஸ் என்பது கணக்கு மென்பொருளைப் போலவோ பாட்டுக் கேட்கும் செயலியைப் போலவோ விண்டோஸின் மேற்பரப்பில் மட்டும் அமரும் நிரல் அன்று. டிரைவர் எனப்படும், வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று வேலை செய்யும் சிறு நிரல்களை அது விண்டோஸின் உட்கருவுக்குள் பதிக்கிறது. அவற்றுள் சில, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் இடைமறித்துச் சோதிக்கின்றன, சில வலையமைப்பை வடிகட்டுகின்றன, சில விசைப்பலகையின் வழியிலும் அமர்கின்றன. விண்டோஸ் 8 முதல், பிற டிரைவர்களுக்கு முன்பாகவே ஏற்றப்பட்டு அவற்றைச் சரிபார்க்கும் ஒரு முன்காவல் டிரைவருக்கும் இடம் தரப்பட்டுள்ளது. மென்பொருள் அரைகுறையாக நீக்கப்படும்போது, டிரைவர் கோப்பு போய்விட, அதை ஏற்றச் சொல்லும் குறிப்பு விண்டோஸின் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடலாம். அல்லது டிரைவர் மட்டும் எஞ்சி, அது நம்பியிருந்த பிற கோப்புகள் போய்விடலாம். இரண்டிலும் கணினி தொடங்கும் தறுவாயில் இல்லாத ஒன்றைத் தேடித் தடுமாறி, நீலத்திரையைக் காட்டுகிறது. இந்த அடுக்கில் நேரும் ஒரு சிறு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமாகிய கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே ஒரு பிழையான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியதே போதிய சான்று. அன்றும் தீர்வு ஃபார்மட் அன்று. கீழே விளக்கப்படும் சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை அழித்ததே தீர்வு.

பொதுமக்களின் பங்கும் இதில் சிறிதன்று. ஆண்டிவைரஸின் கோப்புறையை நேரடியாக டெலீட் செய்வது, நீக்கம் முடியும் முன் மின்சாரத்தை அணைப்பது, பழையது நீங்கியபின் ரீஸ்டார்ட் செய்யாமலே புதியதை ஏற்றுவது, ‘கூடுதல் பாதுகாப்பு’ என்று நம்பி இரண்டை ஒன்றாக வைத்திருப்பது ஆகிய நான்குமே இந்த முடக்கத்துக்கு அழைப்பு விடுப்பவை. சந்தா முடிந்ததும் அவசரமாக வேறொன்றை வாங்கி ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. வீட்டுக் கணினியில் வெளி ஆண்டிவைரஸ் முறையாக நீங்கியதும் விண்டோஸுடனே வரும் டிஃபெண்டர் தானாகவே பணியை ஏற்றுக்கொள்கிறது.

பழுது எங்கே என்பதைக் கடைக்குப் போகும் முன்பே உரிமையாளர் ஓரளவு அறிய முடியும். பொத்தானை அழுத்தியபின் திரை முழுக்கக் கருமையாக இருந்து, நிறுவனத்தின் லோகோகூட வரவில்லை என்றால், அது ரேம், திரை, மின்வழங்கி போன்ற வன்பொருள் கோளாறாக இருக்கவே வாய்ப்பு. ஆண்டிவைரஸை நீக்கிய அதே நாளில் நேர்ந்தது தற்செயல். லோகோ தோன்றி, அதன் கீழே வெண்புள்ளிகள் வட்டமிட்டு, பிறகு நீலத்திரை வந்தாலோ மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பினாலோ ஐயப்பட வேண்டியது டிரைவரையே. கடவுச்சொல் கேட்கும் திரை வரை வந்து, விசைப்பலகை மட்டும் செத்துக் கிடந்தால், விசைப்பலகையின் வழியில் அமர்ந்திருந்த வடிகட்டி அரைகுறையாக நீங்கியிருக்கலாம். அப்போது அதே திரையின் வலது கீழ்மூலையில் உள்ள அணுகல் குறியை மவுஸால் சொடுக்கினால் திரை விசைப்பலகை கிடைக்கும், கடவுச்சொல்லை அதில் இடலாம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பழுதுநீக்கும் சூழல் ஒன்று உள்ளேயே உள்ளது. லோகோ தோன்றியதும் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை தானியங்கிப் பழுதுநீக்கத் திரை வரும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, அதனுள் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ என்று சென்று ரீஸ்டார்ட் கொடுத்தால், எண்ணிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். அதில் 4 என்பது சேஃப் மோடு, அதாவது இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் எழும் நிலை. 5 என்பது அதனோடு இணைய இணைப்பும் சேர்ந்தது. 8 என்பது மேலே சொன்ன முன்காவல் டிரைவரை அந்த ஒரு முறைக்கு மட்டும் நிறுத்தி வைப்பது. ஆண்டிவைரஸ் நீக்கத்தால் நின்ற கணினிக்கு முதலில் 4, அது பலிக்காவிட்டால் 8 என்ற இந்த இரண்டு எண்களையும் முயன்று பார்க்காத கடைக்காரர் ‘ஃபார்மட்’ என்ற சொல்லை உச்சரிக்கவே தகுதியற்றவர்.

உள்ளே நுழைந்தபின் செய்ய வேண்டியது, அந்த ஆண்டிவைரஸை உருவாக்கிய நிறுவனமே இலவசமாகத் தரும் தனி நீக்கக் கருவியை இயக்குவதாகும். அவாஸ்ட், மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, ஈசெட் ஆகிய எல்லாமே இத்தகைய கருவியைத் தம் அதிகாரபூர்வத் தளத்தில் வைத்துள்ளன. வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். வழக்கமான ‘அன்இன்ஸ்டால்’ சேஃப் மோடில் பல சமயம் ஓடாது, ஏனெனில் அதற்கு வேண்டிய விண்டோஸ் சேவை அந்நிலையில் தொடங்குவதில்லை. ஆகவே தனிக் கருவியே வேண்டும். சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போவதும் உண்டு என்பதால் கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருப்பது நல்லது. சேஃப் மோடும் எழாவிட்டால், ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் உள்ள ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் நீக்கத்துக்கு முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பலாம். அது சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. மீட்டெடுப்புப் புள்ளி முன்பே பதிவாகியிருந்தால்தான் அதுவும் பயன்படும் என்பது தனிச் செய்தி.

பழுதுநீக்கும் சூழலே வராதபோது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். அப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது பழுதுநீக்கும் விருப்பத்தை. ‘இன்ஸ்டால்’ என்ற விருப்பத்தை அன்று. இந்த ஒரு சொடுக்கில்தான் எண்ணற்ற கோப்புகள் மாய்கின்றன.

எந்த முயற்சிக்கும் முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுவதே அறிவுடைமை. விண்டோஸ் எழாமலே அது இயலும். பழுதுநீக்கும் சூழலில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கருந்திரையைத் திறந்து, நோட்பேட் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் கொடுத்தால் அந்தச் சிறு செயலி திறக்கும். அதன் ஃபைல் பட்டியலில் ‘ஓப்பன்’ கொடுத்து, எல்லாக் கோப்பு வகைகளையும் காட்டச் சொன்னால், ஹார்ட் டிஸ்க்கின் கோப்புறைகள் வரிசையாகத் தெரியும். வேண்டியதை வலச்சொடுக்கி காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்துகொள்ளலாம். வழக்கமான சி பகுதி அங்கே டி என்று பெயர் மாறித் தெரியக்கூடும். அது கண்டு கோப்புகள் போய்விட்டதாகப் பதற வேண்டியதில்லை.

இதற்குக் குறுக்கே நிற்கக்கூடியது பிட்லாக்கர், அதாவது ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் விண்டோஸின் மறையாக்கம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலே இது இயங்கிக்கொண்டிருக்கிறது. பழுதுநீக்கும் சூழலுக்குள் சென்றதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. அந்த எண் பெரும்பாலும் கணினியை முதன்முதலில் இயக்கும்போது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலேயே அக்கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லையேல் எந்தக் கடையாலும், மைக்ரோசாஃப்டாலும்கூட, அப்பூட்டைத் திறக்க முடியாது. ஆண்டிவைரஸை நீக்கும் முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நீக்கிய பின் அன்று, நீக்கும் முன்பு.

கணினி முடங்கிய பதற்றத்தில் இணையத்தில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடுவது அடுத்த பள்ளம். தேடலில் முதலில் தோன்றும் எண்கள் போலியாக இருப்பது வழக்கமாகிவிட்டது; மறுமுனையில் பேசுபவர் கைப்பேசியில் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொன்னாலோ, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓடிபி கேட்டாலோ அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசி, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களுக்கு மீட்கப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

கடையில் கணினியை ஒப்படைப்பது ஓர் ஒப்பந்தம் என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. ஜாப் ஷீட் எனப்படும் ஒப்புகைச் சீட்டில் கணினியின் சீரியல் எண், ஒப்படைத்த நாள், கோளாறின் விவரம், மதிப்பிட்ட கட்டணம் ஆகியவற்றோடு ‘உரிமையாளரின் எழுத்து அனுமதியின்றி ஃபார்மட் செய்யக்கூடாது’ என்ற ஒரு வரியையும் எழுதச் செய்து, கையொப்பம் பெற்று, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டே தராத கடை என்றால் அதே வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுவிடுவது அடுத்த வழி. பணம் கொடுத்ததும் பில் கேட்க வேண்டும். பில் தராமலிருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. இலவசமாகச் செய்யப்படும் சேவை அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது என்பதால், ‘தெரிஞ்ச பையன், காசு வாங்க மாட்டான்’ என்று ஒப்படைப்பவர்கள் இந்த வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள்.

அனுமதியின்றிக் கோப்புகள் அழிக்கப்பட்டால் அதைச் சேவைக் குறைபாடு என்று சுட்டி முறையிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915ஐ அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதியலாம்; அது சமரச முயற்சி மட்டுமே. பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நேரிலோ, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ மனு அளிக்கலாம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. மனுவோடு ஜாப் ஷீட், பில், வாட்ஸ்அப் உரையாடலின் நகல், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகத் தாமே டிடிபி கடையோ ஜெராக்ஸ் கடையோ நடத்துபவரும் இச்சட்டப்படி நுகர்வோரே.

ஃபார்மட் ஆகிவிட்டது என்று தெரிந்தால், அக்கணினியை அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். அதில் ஒரு கோப்பைக்கூட ஏற்றக்கூடாது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில், மேலே எழுதப்படாத வரை பெரும்பகுதியை மீட்க வழி இருக்கலாம். புதிய வகை சேமிப்பகமாகிய எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மீட்பு முயற்சிக்கிடையே ஒன்றை மறக்கக்கூடாது: ஆணையத்தில் மனு அளிப்பதற்கான காலவரம்பு, குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.