தீராத பாக்கி

"அன்பு தானா வரணும் அண்ணே. அதைப் போய் கடமைன்னு சொன்னா எப்படி?" நாவலூர் டீக்கடையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பிமார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் நேராக அங்கே போய் உட்காருவது அவர்களுக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். உத்தரவு போட்டு யாருக்கும் பாசம் வந்ததில்லை. ஆனால் கிறிஸ்தவ வேதம் அன்பைக் கட்டளையாகத்தான் வைத்திருக்கிறது. பவுல் இன்னும் ஒரு படி மேலே போய் அதைக் கடன் என்கிறார். அவசரமில்லாமல் பார்க்கலாம். இன்னொரு டீ சொல்லிவிடுங்கள்.

பவுல் அதை எழுதிய இடத்திலிருந்து தொடங்குவோம். சுமார் கி.பி. 57-ல் கொரிந்து பட்டணத்தில் இருந்துகொண்டு ரோமாபுரிச் சபைக்கு ஒரு நிருபம் எழுதுகிறார். அதன் 13-ஆம் அதிகாரத்தில் பேச்சு வரியைப் பற்றிப் போகிறது. வரி வாங்க வேண்டியவருக்கு வரியைக் கொடுங்கள், சுங்கம் கேட்பவருக்குச் சுங்கத்தைக் கொடுங்கள், மரியாதை யாருக்கு உண்டோ அவருக்கு மரியாதை செய்யுங்கள் என்று வீட்டுக் கணக்குப் போல அடுக்குகிறார். கடன் எதையும் நிலுவையில் வைக்காதீர்கள் என்றும் சொல்கிறார். பிறகு ஒரே ஒரு விலக்கு வைக்கிறார்: ஒருவரையொருவர் நேசிக்கிற கடன் மட்டும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

சுங்கம் என்றால் என்ன என்று நாவலூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி சாலையில் வருடக்கணக்காகச் சில்லறையை எண்ணிக் கொடுத்தோம், திட்டிக்கொண்டே கொடுத்தோம். 2023 அக்டோபரில் நாவலூர் சாவடியில் வசூல் நின்றது. மறுநாள் முதல் யாரும் அங்கே பாக்கி வைத்த குற்ற உணர்வோடு கடந்துபோகவில்லை. பவுல் பிரித்துக் காட்டுவதும் இதைத்தான். சுங்கம் ஒரு நாள் தீரும். அயலானுக்குத் தர வேண்டியது தீராது. கொடுத்தேன், ரசீது வாங்கினேன், கிளம்பினேன் என்பது அந்தக் கணக்கில் நடக்காது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். உணர்ச்சியைக் கட்டளையிட முடியுமா? முடியாது, வேதமும் அப்படிக் கேட்கவில்லை. பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை மோசேயின் லேவியராகமத்தில், 19-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதைப் படித்தால் விஷயம் புரியும். அறுவடையின்போது வயலின் ஓரத்தை வழித்து அறுக்காதே, ஏழைக்கு விட்டுவை. கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலை வரை வைத்துக்கொள்ளாதே. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடைக்கல் வைக்காதே. எல்லாமே செய்யக்கூடிய காரியங்கள், மனசுக்குள் என்ன ஊறுகிறது என்ற விசாரணையே இல்லை. கூலியைச் சாயங்காலமே கொடுப்பதற்கு நெஞ்சு உருக வேண்டிய அவசியமில்லை, கொடுத்தால் போதும். உருக்கம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். நம் வள்ளுவரும் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்து, கைம்மாறு எதிர்பாராத கடமையைப் பேசுகிறார். தமிழனுக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல.

இயேசுவிடம் ஒரு நியாயசாஸ்திரி, அந்தப் பிறன் யார் என்று கேட்கிறார். லூக்கா 10-ஆம் அதிகாரம். வக்கீல் கேள்வி, எல்லைக்கோடு போடச் சொல்லும் கேள்வி. பதிலாக வருவது நல்ல சமாரியன் கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை ஆசாரியன் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறான், லேவியனும் ஒதுங்கிப் போகிறான். யூதர்கள் தீண்டத் தயங்கிய சமாரியன் ஒருவன் நின்று, காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுள்ள பகுதி. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். இரண்டு நாள் கூலி. கொடுத்துவிட்டு, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காக, இன்னதுதான் என்று தொகை சொல்லாத பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். கணக்கை முடிக்காமல் திறந்து வைத்துவிட்டுப் போகிறான். பவுல் நிருபத்தில் எழுதியதும் இந்தக் கணக்கைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இப்படி ஆயுசு முழுக்கக் கணக்கை மூடாமல் வாழ முடியுமா என்று அடுத்து கேட்பார்கள். முடிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யை உண்டாக்கிய ஐடா ஸ்கடரையும், டோனாவூரின் ஏமி கார்மைக்கேலையும் பலருக்குத் தெரியும். நான் சொல்வது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கிழவியைப் பற்றி. பெயர் ஈவ்லின் பிராண்ட். லண்டனில் வசதியான வீட்டில் 1879-ல் பிறந்தவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியைத் திருமணம் செய்துகொண்டு, இன்றைய நாமக்கல் மாவட்டத்திலிருக்கும் கொல்லிமலையில் குடியேறினார். அப்போது மலைக்குச் சாலை கிடையாது, மலேரியா தாராளமாக இருந்தது. வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், நல்ல விதை எது, தச்சு வேலை எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மலை மக்கள் உடனே நம்பிவிடவில்லை, வருடக்கணக்கில் தள்ளியே நின்றார்கள். விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில், ஊரார் ஒதுக்கிவிட சாகக்கிடந்த ஒரு பூசாரி தன் பெண்குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்த பிறகுதான் மற்றவர்கள் நெருங்கினார்கள் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது.

1929-ல் ஜெஸ்ஸி மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போக ஈவ்லினுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் அவர் இந்தியாவில்தான் வேலையைத் தொடர்ந்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்துவிட்டது. நிறுவனத்தின் கணக்குப்படி அங்கே எல்லாம் தீர்ந்தது, குறை சொல்லவும் முடியாது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டார், பிறகு சொந்தப் பொறுப்பில் மலை ஏறிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார், விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். நடை தள்ளாடியதும் இரண்டு கையிலும் மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். இறங்கி வந்துவிடச் சொல்லி மகன் கெஞ்சியும் பலிக்கவில்லை. அந்த மகன்தான் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை மருத்துவர்.

அந்த மலைகளில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பவரின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும், அதைக் குடித்தவருக்கு நோய் தொற்றும். மருந்து கிடையாது. கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி, யாரும் உள்ளே கால் வைக்காமல் பார்த்துக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். ஈவ்லின் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிச் சுவர் கட்டவைத்தார். அன்பு என்றதும் கண்ணீரையும் கட்டித்தழுவலையும் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அந்தக் கிணற்றுச் சுவர் நினைவுக்கு வரும். 1974 டிசம்பரில் தம் 95-ஆவது வயதில் அவர் இறந்தார். மலையிலேயே கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

"மதம் மாத்தறதுக்குத்தானே அண்ணே இவ்வளவும்?" இந்தக் கேள்வியும் கண்டிப்பாக வரும், நான் கோபித்துக்கொள்வதில்லை. அவர்கள் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள், அதை மறைத்ததில்லை. ஆனால் மாறினால்தான் மருந்து என்று ஒருவன் சொல்வானானால் அவன் கடனை அடைக்கவில்லை, வியாபாரம் செய்கிறான். அளவுகோல் கதையிலேயே இருக்கிறது. அடிபட்டவன் தேறிய பிறகு சமாரியரின் மலைக்குப் போய்த் தொழுதானா என்று இயேசு சொல்லவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேள்வியாகத் தோன்றவில்லை.

எங்கள் சபைகளின் சொந்தப் பாக்கியைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. கோயிலுக்குள் சாதி பார்த்து உட்காருவதும், சாதி பார்த்து நற்கருணை வாங்குவதும் கூடாது என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது 1833-ல். எதிர்த்துச் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. கத்தோலிக்கர் பக்கம் பார்த்தால், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர் பல பத்தாண்டுகளாகப் போராட்டங்களைக் கண்டிருக்கிறது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிற ஆள், உயிரோடிருந்த காலத்தில் அந்தக் கடனில் ஒரு தவணைகூடக் கட்டியிருக்க மாட்டான். ஈவ்லின் கட்டவைத்ததும் கல் சுவர்தான், இதுவும் சுவர்தான்.

இனி நம்ம பக்கம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இந்தப் புறநகர் நடந்துகொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஆட்களை மீட்டார்கள். பள்ளிவாசல், கோயில், சர்ச் எல்லா இடத்திலும் உலை கொதித்தது. அது அன்புதான், சந்தேகமில்லை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பினோம், அதுவும் மனித இயல்புதான். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மட்டும் திரும்பிப் போக இடமில்லை. அவர்களைப் பெரும்பாக்கம், எழில் நகர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அதற்கும் முன்பே சுனாமியில் வீடிழந்தவர்களும் நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் நமக்கு அடுத்த ஊரான செம்மஞ்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பிறன் யார் என்று நாவலூரில் ஒருவர் கேட்டால் பதில் அடுத்த பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. நம் குடியிருப்புகளில் பாத்திரம் தேய்ப்பவர், செக்யூரிட்டியாக நிற்பவர், குப்பை எடுப்பவர் என்று பலரும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறேனே, அதில் இதுவும் அடங்காதா என்று சபையில் சிலர் கேட்பதுண்டு. பத்தில் ஒன்று என்பது எண். கட்டினால் அந்த மாதத்துக்குத் தீர்ந்தது, சுங்கம் மாதிரி. பவுல் எண் எதுவும் கொடுக்கவில்லை.

எல்லை இல்லாத கடன் என்றால் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு கிடப்பதா? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அடிக்கிற புருஷனிடம் அன்பு காட்டு, பொறுத்துப்போ என்று புத்தி சொல்லி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பெரியவர்கள் எல்லாச் சபையிலும் இருந்திருக்கிறார்கள். அது தப்பான போதனை. அதே 13-ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளிப் படித்தால், அன்பு அயலானுக்குத் தீங்கு செய்யாது என்று பவுல் எழுதியிருக்கிறார். அடிக்கிறவன்தான் கடன்காரன். வீட்டை விட்டு வெளியேறுகிற பெண் யாருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போகவில்லை. அவளுக்குத் தங்க இடமும் போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணையும் கொடுப்பது சபையின் கடனில் சேரும்.

போன மாதம் ஒரு தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு நடைமுறைக் கேள்வி ஒன்று போட்டார். அவர் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில், வீட்டுவேலைக்கு வருபவர்கள் குடியிருப்போர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது, சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறதாம். "எழுந்து நின்னு கூடாதுன்னு சொல்றதும் அந்தக் கடன்ல சேருமா அண்ணே?" என்றார். சேரும் என்றேன். "சொல்லித் தோத்துட்டா?" அடுத்த கூட்டத்துக்கும் போகச் சொன்னேன்.