நம் திட்டமும் இறைவன் திருவுளமும்

வைணவப் பெரியார் இராமாநுசர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். தன்னை முழுவதும் இறைவனிடம் ஒப்படைத்தலைச் 'சரணாகதி' என்று வைணவம் போற்றுகிறது. ஆகவே அச்சொல் அம்மண்ணுக்குப் புதியதன்று. ஆயினும் இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன தொழிற்சாலைகளே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது; 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை அதனைத் தொடர்ந்தது. ஏரி நீரையும் நெல் வயலையும் நம்பி வாழ்ந்த சிற்றூர்களின் நடுவே, இரவு பகல் என்றில்லாமல் இயந்திரங்கள் ஓடுகின்றன.

திட்டமிடுதல் ஒரு கலையாகவே வளர்ந்துள்ள இடம் இது. எந்த உதிரிப்பாகம் எந்த வேளையில் எந்த வரிசைக்கு வந்து சேரவேண்டும் என்பது முன்னரே வகுக்கப்படுகிறது. அங்கே உழைக்க வருவோரும் திட்டத்தோடுதான் வருகின்றனர். இரண்டு ஆண்டு உழைத்தால் வீட்டுக் கடன் தீரும். மூன்றாம் ஆண்டில் தங்கையின் திருமணம். அதன்பின் ஊர் திரும்பிச் சொந்தமாக ஒரு பட்டறை. ஐ.டி.ஐ. படித்த தென் மாவட்ட இளைஞனும், சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளியும் ஏறத்தாழ ஒரே கணக்கைத்தான் மனத்தில் போடுகின்றனர்.

யாகப்பர் தம் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் இத்தகையோரைக் கண்முன் நிறுத்திப் பேசுகிறார். இன்ன நகருக்குப் போவோம், ஓர் ஆண்டு தங்குவோம், தொழில் செய்து பொருள் ஈட்டுவோம் என்று உறுதியாகக் கூறுவோரை நோக்கி, நாளை நடப்பது உங்களுக்குத் தெரியுமோ என்று வினவுகிறார். அவர் தொழிலைக் கண்டிக்கவில்லை, பயணத்தையும் தடுக்கவில்லை. ஆண்டவர் விரும்பினால் என்னும் சொல்லை மறந்த மனத்தையே கண்டிக்கிறார். நம் முன்னோர் மடல்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் 'இறைவன் சித்தமானால்' என்று எழுதி வந்தது வெறும் சடங்கன்று.

திட்டம் உடைந்த நாள்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் இளம் பெண்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியோர் பலர். 2013இல் வருமான வரித் துறையோடு பிணக்கு எழுந்து, நிறுவனத்தின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, இத்தொழிற்சாலை அதனுடன் சேர்க்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வு' பெற்று வெளியேறினர். வாழ்வு தொடங்கும் வயதில் ஓய்வு! 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி அடியோடு நின்றது.

அந்நாளில் எத்தனை குடும்பங்களின் கணக்கு கலைந்திருக்கும்! விசுவாசமுள்ள இல்லங்களில், 'இதுவும் இறைவன் சித்தமோ?' என்ற கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறுதல் ஆபத்தானது.

எது ஒப்படைப்பு அன்று?

நிகழ்வன அனைத்தையும் இறைவன் விரும்பியே செய்கிறார் என்று திருச்சபை கற்பிப்பதில்லை. இறைவன் விரும்புவது ஒன்று. மனிதரின் உரிமையைப் பறிக்காமல் அவர் அனுமதிப்பது மற்றொன்று. தொழிற்சாலைகளை மூடுவது மனிதரின் தீர்மானங்கள். வரிப் பிணக்கும், வணிக ஒப்பந்தமும், சந்தையின் போக்கும் அவற்றுக்குக் காரணம். அவற்றை இறைவன்மேல் ஏற்றி, வேலையிழந்தவனைப் பார்த்து, 'கடவுள் சித்தம், பொறுத்துக்கொள்' என்று அதிகாரம் உடையோர் கூறுவது, ஆண்டவரின் திருப்பெயரை வீணாகப் பயன்படுத்துவதே ஆகும்.

தொழிலாளர் நியாயமான கூலி பெறவும், சங்கமாகச் சேரவும் உரிமை உடையவர் என்பதை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் நிலைநாட்டியது. மூலதனத்தைவிட உழைக்கும் மனிதனே முதன்மையானவன் என்று புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட 'லபோரெம் எக்சர்சென்ஸ்' வலியுறுத்தியது. தனக்குரிய நீதியைக் கேட்பவன் இறைவனுக்கு எதிராக முறையிடுகிறான் என்று எவரும் எண்ணலாகாது. அநீதியைச் சகித்துக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கு ஒப்படைப்பு என்ற பெயர் பொருந்தாது.

நம் ஆண்டவரே இதற்குச் சான்று. கெத்சமனித் தோட்டத்தில் அவர் தம் விருப்பத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று தந்தையிடம் வெளிப்படையாகக் கேட்டார். ஒருமுறை அன்று, மீண்டும் மீண்டும் கேட்டார். அதன் பின்னரே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்குக் கீழே வைத்தார். ஆகவே, அழுது கேட்பதும் செபமே. விருப்பமே இல்லாதவன் எதை ஒப்படைக்க முடியும்?

மயிலாப்பூரில் ஒரு முடிவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மயிலாப்பூரில், 1545ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஏறத்தாழ நான்கு மாதம் ஒருவர் தங்கியிருந்தார். அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை அருகே நீண்ட நேரம் செபித்தார். அடுத்து எங்கே செல்வது என்பதே அவருடைய கேள்வி. அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியாரின் வாழ்வு, உடைந்த திட்டங்களின் வரிசை எனலாம். 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள், பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் புனித இஞ்ஞாசியாரும், சவேரியார் உள்ளிட்ட ஆறு தோழரும் ஒரு வார்த்தைப்பாடு கொடுத்தனர். யெருசலேமுக்குச் சென்று பணிபுரிவதே அவர்களுடைய திட்டம். ஆனால் அந்த வார்த்தைப்பாட்டில் இரண்டாம் வாசகம் ஒன்றும் இருந்தது: ஓராண்டு காத்திருந்தும் பயணம் இயலாமற்போனால், திருத்தந்தையிடம் சென்று, அவர் அனுப்பும் இடத்துக்குப் போவோம் என்பது. 1537இல் வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்தனர். துருக்கியரோடு போர் மூண்டது, கப்பல் புறப்படவில்லை. 1538இல் அவர்கள் மூன்றாம் சின்னப்பர் திருத்தந்தையிடம் தங்களை ஒப்படைத்தனர்.

இந்தியாவுக்கு வருவதும் சவேரியாரின் திட்டமன்று. 1540இல் அதற்கெனக் குறிக்கப்பட்டவர் அவருடைய தோழர் பொபதில்லா. அவர் நோயுற்றார், பயணமோ தாமதிக்க இயலாதது. அவருக்குப் பதிலாகச் சவேரியார் அனுப்பப்பட்டார். நோயுற்ற ஒருவரின் காய்ச்சல்வழியே, முத்துக்குளித்துறை மக்களுக்கு ஒரு தந்தை கிடைத்தார்.

மயிலாப்பூருக்கு மீள்வோம். நான்கு மாதச் செபத்தின் பின், மக்காசார் தீவுப் பகுதிக்குச் செல்வதே இறைவன் திருவுளம் என்று உள்ளத்தில் தெளிவும் ஆறுதலும் பெற்று, சவேரியார் மலாக்காவுக்குக் கப்பலேறினார். ஆனால் மக்காசாரை அவர் அடையவே இல்லை! மலாக்காவில் நிலைமை மாறியிருந்தது. 1546இல் அவர் சென்று சேர்ந்தது அம்போன் தீவு. அப்படியானால் மயிலாப்பூரில் பெற்ற தெளிவு பொய்யோ? இல்லை. இறைவன் அவருக்கு அளித்தது ஓர் ஊரின் முகவரியை அன்று. புறப்படும் மனத்தையே அளித்தார். அந்த மனம் அவரை 1549இல் சப்பானுக்கும், 1552இல் சீனத்தின் கரையருகே ஒரு தீவுக்கும் கொண்டுசென்றது. சீனத்தில் கால் பதிக்கும் ஆவல் நிறைவேறாமலே, அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் அத்தீவில் அவர் உயிர் துறந்தார். ஆயினும், அவர் வாழ்வு தோற்றது என்று எவரேனும் சொல்வரோ?

இல்லத்தில் என் செய்வது?

சவேரியார் துறவி, குடும்பம் நடத்துவோர்க்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். குடும்பத் தலைவரான புனித சூசையப்பரை நோக்குவோம். பெத்லகேமில் அவர் எண்ணியபடி இடம் கிடைக்கவில்லை; எகிப்துக்கு நள்ளிரவில் ஓட நேர்ந்தது; திரும்பி வந்தபோதும் யூதேயாவில் தங்க இயலாமல் நாசரேத்துக்குச் சென்றார். 1955இல் 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். வேலைக்காகப் பிழைப்புத் தேடி இடம் பெயரும் குடும்பங்களுக்கு அவரினும் நெருங்கிய துணைவர் யார்?

முதலாவதாக, நன்றாகத் திட்டமிடுவோம். கோபுரம் கட்டுகிறவன் முன்னரே உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று கூறியவர் நம் ஆண்டவரே. சேமிப்பதும், புதிய தொழிலைக் கற்பதும் விசுவாசக் குறைவு அல்ல. சோம்பலுக்கு ஒப்படைப்பு என்று பெயரிடுவதே விசுவாசக் குறைவு.

இரண்டாவதாக, நம் திட்டம் ஒவ்வொன்றிலும் இஞ்ஞாசியாரின் தோழர் எழுதியது போன்ற இரண்டாம் வாசகம் இருக்கட்டும். ஒப்பந்த வேலை முடிந்துவிட்டால் என் செய்வோம்? தொழிற்சாலை மூடப்பட்டால்? நோய் வந்தால்? இக்கேள்விகளைக் கணவனும் மனைவியும் அச்சமின்றிப் பேசிச் செபத்தில் வைத்தால், கதவு அடைபடும் நாளில் நெஞ்சு உடைந்துபோகாது. வேலை போனவனை அவன் குடும்பம் பயனற்றவனாகக் கருதவும் செய்யாது.

மூன்றாவதாக, நம் ஆசையை இறைவன் சித்தம் என்று பெயரிட்டுப் பிள்ளைகள்மீது சுமத்தாதிருப்போம். தொழிற்சாலையில் உழைக்கும் மகளின் சம்பளம் வீட்டுக்குத் தேவை என்பதற்காக, அவளுடைய திருமணத்தையோ, மேற்படிப்பையோ, தேவ அழைத்தலையோ ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. அம்மகள் மறுத்துப் பேசாதிருப்பதைக் கீழ்ப்படிதல் என்று புகழ்கிறோம். அவளுடைய வாழ்வைக் குறித்தும் இறைவனுக்கு ஒரு திருவுளம் உண்டு என்பதை மறக்கிறோம். ஒப்படைக்கவேண்டியது அங்கே மகள் அல்லள், பெற்றோரே.

நான்காவதாக, பங்குச் சமூகமும் தன் திட்டங்களைத் திறந்த கையில் வைத்திருக்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி, 2002இல் உருவான செங்கற்பட்டு மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது. அப்பகுதியில் உள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. படுக்கை கிடைத்தது; உறவு கிடைத்ததா? இரவு ஷிப்டு முடித்துச் சோர்ந்த கண்களோடு திருப்பலிக்கு வருபவரிடம், வேற்று மொழி பேசுபவரிடம், வேலை இழந்து அறை வாடகைக்குக் கலங்குபவரிடம், 'உன் ஊர் எது?' என்று கேட்டு அருகில் அமர்வது, திருவிழாச் செலவைவிட முன்னிற்கவேண்டிய பணி அன்றோ? ஒருவருடைய திட்டம் உடையும் வேளையில், அவருக்காக இறைவன் வைத்திருக்கும் வழி பலமுறை நம் கைகளின் வழியேதான் செல்லவேண்டும்.

இறுதியாக, நாள்தோறும் உறங்குமுன் ஆன்ம சோதனை செய்வோம். உறங்கும் வேளை காலை ஏழு மணியாயினும் சரியே. இன்று என் எண்ணப்படி நடந்தது எது, நடவாதது எது, நடவாத இடத்தில் இறைவன் என்னிடம் கேட்டது எது என்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

கிறிஸ்து நமக்குக் கற்பித்த செபத்தின் வரிசையை எண்ணிப் பார்ப்போம். தந்தையின் சித்தம் நிறைவேறவேண்டும் என்று முதலில் கேட்கிறோம். உடனே உணவைக் கேட்கிறோம். சித்தத்தைக் கேட்டவன் உணவைக் கேட்கலாகாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. உணவு கேட்பவன் சித்தத்தை மறக்கலாகாது என்பதற்காகவே அதனை முன்னே வைத்தார் எனலாம். கேட்கச் சொன்னதும் ஓராண்டுக்குரிய உணவை அன்று, அன்றன்றைக்கு உரியதையே. நாளைய நாளை எண்ணித் திட்டமிடுவோம். இன்றைய நாளில் இறைவனுக்குக் கீழ்ப்படிவோம். அதற்கு வேண்டிய வரத்தை, தன் எண்ணங்களையெல்லாம் ஆண்டவரின் வார்த்தைக்கு ஒப்படைத்த நாசரேத்து மரியன்னை நமக்குப் பெற்றுத் தருவாராக.