அதுவா, அவனா? திகில் சிறுகதைக் குழுவின் மொழியும் தமிழாக்கமும்

1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிராஸ் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து ராபர்ட் இ. ஹோவர்ட் என்ற இளம் எழுத்தாளர் 'வியர்டு டேல்ஸ்' இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவ்விதழின் ஜூன் மாத வெளியீட்டில் எச். பி. லவ்கிராஃப்டின் 'சுவர்களுக்குள் எலிகள்' என்னும் சிறுகதை மறுபதிப்பாக வந்திருந்தது. கதைமாந்தன் இறுதியில் பித்துற்றுப் பிதற்றும்போது பேசும் கெல்திக் மொழி, வரலாற்று நோக்கில் அங்கு எதிர்பார்க்கப்படும் பிரித்தானியக் கிளைமொழியாக இல்லாமல் கேலிக் மொழியாக இருப்பதை ஹோவர்ட் கவனித்தார். கேலிக் மக்களே பிரித்தானியத் தீவுகளுக்கு முதலில் வந்தவர்கள் என்ற கொள்கையை லவ்கிராஃப்ட் ஏற்கிறார் போலும் என்று கருதி, அதனைப் பாராட்டாகவே எழுதினார். உண்மையில் லவ்கிராஃப்ட் அத்தொடரை வேறோர் ஆசிரியரின் கதையிலிருந்து எடுத்துப் பொருத்தியிருந்தார். கொள்கை எதுவும் அதன் பின்னால் இல்லை. இதழாசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் கடிதத்தை லவ்கிராஃப்டுக்கு அனுப்பிவைத்தார். இருவருக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1936இல் ஹோவர்ட் இறக்கும்வரை நீடித்தது. அவர்கள் நேரில் சந்தித்ததே இல்லை.

ஒரு மொழிப்பிழை இருவரை ஓர் எழுத்தாளர் குழுவில் இணைத்தது என்பது மொழியியலாருக்குச் சுவையான செய்தி. அக்குழுவின் உறவுகள் பெரிதும் மொழியைக் கொண்டே கட்டப்பட்டவை என்பதையும், அம்மொழியின் உயிர்நிலை ஒரு பொருளுக்குப் பெயரிடாமல் நிறுத்திவைப்பதில் உள்ளது என்பதையும், தமிழில் பெயர்ப்போருக்கு அதனால் எழும் இலக்கணச் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குழுவும் அதன் சொற்களும்

'வியர்டு டேல்ஸ்' 1923 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கப்பெற்று, முதற்கட்டமாக 1954 வரை வெளிவந்தது. எழுதியவர்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தனர். லவ்கிராஃப்ட் கிழக்குக் கரையில் பிராவிடென்சிலும், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் மேற்கே கலிபோர்னியாவிலும், ஹோவர்ட் தெற்கே டெக்சாசிலும் வாழ்ந்தனர். இவர்களை இணைத்தவை கடிதங்களும் இதழின் வாசகர் கடிதப் பகுதியுமே. எனினும் சில ஆண்டுகளில் இவர்களுக்குள் ஒரு பொதுச் சொற்றொகுதி உருவாயிற்று. ஒருவர் கற்பித்த கடவுளின் பெயர் மற்றவர் கதையில் வரும். ஒருவர் புனைந்த நூலை இன்னொருவரின் பாத்திரம் படித்து மதியிழக்கும். லவ்கிராஃப்ட் 'நெக்ரொனாமிக்கான்' என்ற நூலைப் புனைந்தார். ஸ்மித் 'எய்பானின் நூல்' தந்தார். ஹோவர்ட் 'பெயரற்ற வழிபாடுகள்' தந்தார். நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுதுவதைப் போன்றது இது. வைத்தவருக்கு ஒருநாள் திரும்ப வரும். வைக்காதவர் பந்தியில் அமர்ந்தாலும் உறவினராகக் கருதப்படார்.

புதியவர் எவ்வாறு சேர்ந்தார் என்பதற்கு ராபர்ட் பிளாக் நல்ல சான்று. 1933இல், பள்ளிப் பருவத்தில், மில்வாக்கியிலிருந்து லவ்கிராஃப்டுக்குக் கடிதம் எழுதினார். லவ்கிராஃப்ட் தம் கதைகளைப் படிக்கக் கொடுத்ததோடு எழுதவும் தூண்டினார். 1935இல் பிளாக்கின் கதைகள் இதழில் வரத் தொடங்கின. அவ்வாண்டு வெளிவந்த ஒரு கதையில் லவ்கிராஃப்டை ஒத்த பாத்திரத்தைக் கொல்ல விரும்பிய பிளாக் அதற்கு அனுமதி கேட்டார். தம் கற்பனை மாந்தர்கள் சாட்சிக் கையொப்பமிட்ட ஆவணம்போல் ஒரு கடிதத்தை அனுப்பி லவ்கிராஃப்ட் இசைவு தந்தார். 1936 டிசம்பரில் வெளியான தம் கதையில் ராபர்ட் பிளேக் என்னும் இளைஞனைக் கொன்று கணக்கைத் தீர்த்தார். பிளாக் தம் பங்குக்குப் புனைந்த 'புழுவின் மறைபொருள்கள்' என்ற நூலுக்கு இலத்தீன் தலைப்பு வகுத்துக் கொடுத்தவரும் லவ்கிராஃப்டே. பின்னாளில் 'சைக்கோ' நாவலை எழுதிய பிளாக்கின் பயிற்சி இப்படித் தொடங்கிற்று.

இச்சொற்களை மொழியியல் நோக்கில் பார்த்தால் பிழைகள் மலிந்திருக்கக் காணலாம். ஹோவர்டின் நூலுக்கு நண்பர்கள் கலந்து தேர்ந்த ஜெர்மன் தலைப்பு 'உன்அவுஸ்ஷ்பிரெக்லிஷன் குல்ட்டன்'. எழுவாய் வேற்றுமையில் நிற்க வேண்டிய தலைப்பு, முன்னிடைச்சொல் ஒன்று உதிர்ந்துபோனதுபோல, வேறொரு வேற்றுமையின் விகுதிகளோடு நிற்கிறது. 'அப்துல் அல்ஹஸ்ரத்' என்னும் பெயரில் அரபுச் சுட்டிடைச்சொல் 'அல்' இருமுறை வருகிறது. 'நெக்ரொனாமிக்கான்' என்பதற்கு லவ்கிராஃப்ட் கூறிய கிரேக்கச் சொற்பிறப்பைக் கிரேக்கம் அறிந்தோர் ஏற்பதில்லை. ஹோவர்டின் 1929ஆம் ஆண்டுக் கதையொன்றில் வரும் 'கத்துலோஸ்' லவ்கிராஃப்டின் 'க்துல்ஹு'வுடன் தொடர்புடையதா என்று வாசகர் ஒருவர் இதழுக்கு எழுதிக் கேட்டார். ஒலியொப்புமை தற்செயலானது, ஆனால் 1931இல் வந்த கதையில் லவ்கிராஃப்ட் அப்பெயரையும் சேர்த்துக்கொண்டார். போலி இனச்சொற்கள் உண்மை இனச்சொற்களாக மாறும் வழியை இங்கே கண்முன் காண்கிறோம். பிழைகள் இக்குழுவுக்குக் கேடு செய்யவில்லை. வேற்றுமொழியின் சாயல் மட்டுமே வேண்டியிருந்த இடத்தில் அதன் இலக்கணம் வேண்டப்படவில்லை.

இதில் நாம் எளிதில் கடந்துபோகக் கூடாத ஒன்றும் உண்டு. அரபுப் பெயரை அச்சத்தின் அடையாளமாக ஆள்வதற்குப் பின்னால் அயலாரைப் பற்றிய வெறுப்பு இருந்தது. லவ்கிராஃப்டின் இனவெறி அவருடைய கடிதங்களில் வெளிப்படையாகவே உள்ளது. உலக மிகுபுனைவு விருதாக வழங்கப்பட்டுவந்த அவருடைய தலைச்சிற்பம் கைவிடப்படும் என 2015இல் அறிவிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். 'மலையாள மாந்திரீகர்' என்ற தொடரைத் தயங்காமல் அச்சிட்டு வந்த நம் திகில் கதைகளும் இக்குற்றத்திற்கு முற்றிலும் விலக்கல்ல. மொழிபெயர்ப்பாளருக்கு இது நடைமுறைச் சிக்கலாகவும் எழுகிறது. தமிழ் வாசகருக்கு 'அப்துல்' பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். அதில் விந்தையும் இல்லை, அச்சமும் இல்லை.

'க்துல்ஹு' என்ற பெயரில் நிலைமை வேறு. மனித வாயால் ஒலிக்க இயலாத பெயரை ஒலிக்க முயன்றதன் விளைவே இவ்வடிவம் என்பது அதைப் படைத்தவரின் விளக்கம். தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் தனித்து வாராது. வழக்கப்படி துணையுயிர் சேர்த்துக் 'குத்துலு' என எழுதினால் பெயர் சிரிப்புக்கு இடமாகிவிடும். இங்கே விதியை மீறி எழுதுவதே மூலத்திற்கு உண்மையானது என்பது என் கருத்து. நம் மொழிமுதல் விதி தடுக்கும் இடத்தில்தான் அப்பெயர் வாசகருக்கு அயலாகிறது.

திணை என்னும் இடர்

பெயர்களைவிடப் பெரிய சிக்கல் பெயரிடாமையில் உள்ளது. இக்குழுவினர் கடிதங்களில் ஒருவருக்கொருவர் வலியுறுத்தியது, அஞ்சத்தக்க பொருளை விரைவில் காட்டிவிடாமல் குறிப்பாலேயே உணர்த்த வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் இது எளிது. வினைமுற்று பால் காட்டாது. 'இட்' என்னும் பதிலிடுபெயர் குழந்தைக்கும் விலங்குக்கும் பொருளுக்கும் பொருந்தும். தமிழிலோ வினைமுற்று வந்தவுடன் திணை வெளிப்பட்டுவிடும்.

இக்குழுவுக்கு முந்திய, ஆனால் இவ்வகைக்கே முன்மாதிரியான கதையொன்றைக் காண்போம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' 1902இல் வெளிவந்தது. ஆலை இயந்திரத்தில் சிக்கி மகன் இறக்கிறான். சில நாள் கழித்து, வரமளிக்கும் குரங்குப் பாதத்திடம் அவன் உயிரோடு வர வேண்டுமெனக் கேட்கும்படி தாய் கணவரை வற்புறுத்துகிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய்க்கு வெளியே நிற்பவன் மகன். சிதைந்த உடலைப் பார்த்த தந்தைக்கு அது மகனன்று. அவள் தாழ்ப்பாளைத் திறக்கப் போராட, அவர் இறுதி வரத்திற்காகத் தரையில் பாதத்தைத் தேடுகிறார். தாய் மகனின் பெயரைச் சொல்கிறாள். தந்தை 'இட்' என்கிறார். கதைசொல்லியும் தந்தையின் பக்கமே சாய்கிறார். இக்கதையின் போராட்டம் முழுவதையும் 'அவனா, அதுவா' என்று தமிழில் இரு சொற்களில் சொல்லிவிடலாம். இது தமிழுக்கு வாய்த்த வலிமை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் 'தட்டினான்' என்று எழுதினால் தாய் வென்றுவிடுவாள். 'தட்டியது' என்று எழுதினால் வாசகருக்கு ஐயமே எஞ்சாது. கதவைத் திறவாமலே உள்ளே இருப்பதைக் காட்டியதாகும்.

இவ்விடரை நம் இலக்கணிகள் அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயக்கிளவியைத் தனியே பேசுகிறது. உயர்திணை எனத் தெரிந்து ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் இருப்பின் பன்மையாற் கூறுக என்கிறது. திணையிலேயே ஐயம் இருப்பின் 'உரு' முதலிய பொதுச்சொல்லால் கூறலாம் என்கிறது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ என்னும் எடுத்துக்காட்டை உரையாசிரியர்கள் தருவர். ஐயம் நீங்கித் தெளிந்தபின் அன்மைச் சொல்லை எங்ஙனம் அமைப்பது என்பதும் அங்கேயே உண்டு. திகில் கதையின் கட்டமைப்பும் இதுவே: ஐயம், நீட்டிப்பு, தெளிவு. திகில் கதையாசிரியருக்கெனத் தனி இலக்கணம் வகுக்க நேர்ந்தால் இந்நூற்பாக்களிலிருந்து தொடங்கலாம்.

பேய்க்குரிய சொற்களே ஒரே திணையில் நிற்பதில்லை. 'பேய் வந்தது', 'ஆவி வந்தது' என்போம். 'மோகினி வந்தாள்' என்போம். நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. பேச்சுவழக்கோ பேயை அஃறிணையாக்கி, அதற்குப் பெண்ணுருவம் கிடைத்தவுடன் உயர்திணைக்கு ஏற்றிவிடுகிறது. ஆகவே 'பேய்' என்ற சொல்லை முதலிலேயே ஆளும் மொழிபெயர்ப்பாளர் திணையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

நடைமுறையில் பயன்படும் வழிகள் சில உள. ஓசையையே எழுவாயாக்கி 'தட்டும் ஓசை கேட்டது' எனலாம். பெயரெச்சம் தானாகத் திணை காட்டாது. 'நிற்பது' என்னும் வடிவம் இன்னும் நுட்பமானது. நிற்கின்ற பொருளைக் குறிக்கும் வினையாலணையும் பெயராகவும், நிற்றல் என்னும் தொழிற்பெயராகவும் அது அமையும். 'வெளியே நிற்பது அவருக்குத் தெரிந்தது' என்று தந்தையின் நோக்கில் எழுதினால் அவர் அறிந்தது ஒரு பொருளையா, ஒரு நிகழ்ச்சியையா என்பது உறுதிப்படாது. இந்த இருபொருண்மை ஆங்கிலத்திற்கு இல்லை. மூலத்தில் இல்லாத அச்சம் ஒன்றைத் தமிழ் தன் செலவில் சேர்க்கிறது.

தன்மையிடத்தில் இத்தொல்லையே இல்லை. 1926இல் வெளியான லவ்கிராஃப்டின் 'அயலான்' கதையில் தனிமையில் வளர்ந்த ஒருவர் தம் கதையைத் தாமே கூறுகிறார். கோட்டையை விட்டு வெளியேறி, விருந்துக் கூடமொன்றில் கோர உருவத்தைக் கண்டு கைநீட்டுகிறார். விரல்கள் தொடுவது கண்ணாடியை. 'நான்' பாலோ திணையோ காட்டாது. 'வந்தேன்' என்பதும் அவ்வாறே. எதிரே தெரியும் உருவத்தை அஃறிணையில் எழுதிச்சென்று, இறுதியில் 'அது'வும் 'நான்'னும் ஒன்றெனக் காட்டுவதில் தமிழ் மூலத்தைவிடக் கூர்மை பெறுகிறது. எனினும் தலைப்பை 'அயலான்' என்று பெயர்த்தவுடன் ஆண்பால் விகுதி ஒட்டிக்கொள்கிறது. மேலே நானும் அவ்வாறே எழுத நேர்ந்தது.

கேள்விச் செய்தியைக் காட்டும் '-ஆம்' இடைச்சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு போதும். 1927இல் வந்த 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்' போன்ற கதைகளில் கதைசொல்லி முதியவர் ஒருவரிடம் கேட்டதையே சொல்கிறார். 'வந்ததாம்', 'வாடிற்றாம்' எனப் பக்கம் பக்கமாக எழுதினால் பாட்டி கதையின் ஓசையோ ஏளனத்தின் ஓசையோ தோன்றும். தொடக்கத்தில் இரண்டு இடங்களில் ஆண்டுவிட்டு விலக்கிக்கொள்வது நன்று.

எலிகள் மீண்டும்

தொடக்கத்தில் குறித்த 'சுவர்களுக்குள் எலிகள்' கதையின் இறுதியில் கதைமாந்தனின் பேச்சு இக்கால ஆங்கிலத்திலிருந்து பழைய ஆங்கில நடைகளுக்கும், அங்கிருந்து இலத்தீனுக்கும் கேலிக்குக்கும் இறங்கி, வெற்றுறுமலில் முடிகிறது. முன்னோரின் கொடிய பழக்கம் அவனுக்குள் விழிப்பதை மொழியடுக்குகளே காட்டுகின்றன. இதைத் தமிழாக்க முயன்றபோது நான் முதலில் எண்ணியது மணிப்பிரவாளம், கல்வெட்டுத் தமிழ், சங்கத் தமிழ் என்ற வரிசை. படித்துப் பார்த்த நண்பர், உங்கள் கதைத்தலைவன் விலங்காகவில்லையே, புலவனாகிறானே என்றார். அவர் சொன்னது சரி. நமக்கு மொழியின் பழைமை பெருமைக்குரியது. பின்னோக்கிச் செல்வது இழிவாகத் தோன்றாது. மொழியில் முந்தியது விலங்குக்கு அண்மையது என்னும் எண்ணமே மூலாசிரியரின் இனக்கொள்கையோடு ஒட்டியது.

ஆகவே வரலாற்றை விட்டுவிட்டு மொழி சிதையும் வழியை நாடினேன். பேச்சிழப்பில் ஒலிகள் மறையும் வரிசை குழந்தை அவற்றைக் கற்கும் வரிசைக்குத் தலைகீழானது என்று ரோமன் யாக்கப்சன் 1941இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் கொள்கையின் விவரங்கள் பிற்காலத்தில் மறுக்கப்பட்டன என்றாலும் புனைவுக்கு அது போதுமானது. முதலில் வேற்றுமை உருபுகளை உதிர்த்தேன். அடுத்து வினைமுற்று விகுதிகளை. விகுதி போனதும் திணையும் போயிற்று. பேசுவது அவனா அதுவா என்பது அப்போதுதான் தெரியாமற்போயிற்று. பின்னர் ழகரமும் றகரமும் ளகரமும் நீங்கின. எஞ்சியவை இதழொலிகளும் அகரமும் மட்டுமே. அவற்றைக் கோத்தபோது 'அம்மா' என்ற சொல் தானாக வந்து நின்றது. அருகில் பாதி தின்னப்பட்ட நண்பனின் உடல் கிடக்கும் காட்சியில் அச்சொல் வாசகரை இரங்கச் செய்துவிடும் என்று அஞ்சி மகரத்தை நீக்கி, பகரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.